பணம் கைமாறும் இடம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவாக நிகழ்த்திய உரை. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தியிருக்கிறேன்.)



வளரும் நாடுகளில் நிதித் தொழில்நுட்பம் வங்கிச் சேவையை எப்படி மாற்றியது என்று பேசச் சொன்னார்கள். பரந்த தலைப்பு. ஒரு மணி நேரத்தில் உலகம் முழுவதையும் சுற்றிவந்தால் எந்த ஊரும் மனதில் நிற்காது. அதனால் கென்யாவை மட்டும் கொஞ்சம் ஆழமாகப் பார்த்துவிட்டு, அங்கிருந்து நம் ஊருக்குத் திரும்பலாம் என்று எண்ணுகிறேன்.

அதற்கு முன் ஒரு நினைவு. நான் பிறந்தது கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். அப்பா பம்பாயில் வேலை பார்த்தார். மாதம் பிறந்து பத்தாம் தேதிக்குள் மணியார்டர் வந்துவிடும். தபால்காரர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திண்ணையில் உட்காருவார். அம்மா செம்பில் தண்ணீர் கொடுப்பாள். அவர் குடித்துவிட்டு நோட்டுகளை இரண்டு முறை எண்ணி அம்மாவின் கையில் வைப்பார். படிவத்தில் கைநாட்டு வாங்குவார். பிறகு, அடித்துண்டில் அப்பா எழுதிய நாலு வரியைப் படித்துக் காட்டுவார். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. “இன்னொரு தரம் படிங்க” என்பாள். அவரும் படிப்பார். ஒரு மாதம் பணம் வரத் தாமதமானால், அம்மா போய்க் கேட்டது அஞ்சல் துறையை அல்ல, அந்த மனிதரை. அவரும் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராகத்தான் நடந்துகொண்டார்.

இன்று நான் நிறுவ விரும்பும் கருத்து அந்தத் திண்ணையிலேயே இருந்தது. அதைக் கண்டுகொள்ள எனக்கு முப்பது வருடம் ஆயிற்று. ஏழைக்கு வங்கி என்றால், நடந்துபோகும் தூரத்தில், கையில் ரொக்கத்தோடு, முகம் தெரிந்த ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது. தொழில்நுட்பம் அந்த ஆளை அங்கே உட்கார வைக்கப் பயன்பட்ட இடங்களில் வென்றிருக்கிறது. அந்த ஆளே வேண்டாம் என்று நினைத்த இடங்களில் தோற்றிருக்கிறது; சில இடங்களில் கேடும் செய்திருக்கிறது. இதை ஏழு கூறுகளாகச் சொல்கிறேன்.

1. மக்கள் கேட்டது கடனை அல்ல

கென்யாவின் கைப்பேசிப் பணச் சேவையான எம்-பெசாவை நீங்கள் அறிவீர்கள். ‘எம்’ மொபைலைக் குறிக்கும். ‘பெசா’ சுவாஹிலி மொழியில் பணம். அந்தச் சொல் நம் பைசாதான். இந்திய ரூபாய் 1920 வரை கிழக்கு ஆப்பிரிக்காவில் புழங்கியது. ரூபாய் போய்விட்டது, பைசா அவர்கள் மொழியில் தங்கிவிட்டது.

வோடஃபோன் நிறுவனத்தைச் சேர்ந்த நிக் ஹியூஸ் இந்தச் சேவைக்கான எண்ணத்தை முன்வைத்தார். பிரிட்டிஷ் அரசின் வளர்ச்சி உதவித் துறை ஏறத்தாழ 10 லட்சம் பவுண்டு தந்தது. 2005 அக்டோபரில் நைரோபியிலும் பக்கத்து ஊரான திக்காவிலும் சோதனை தொடங்கியது. சிறுகடன் வாங்கியவர்கள் தவணையைக் கைப்பேசி வழியாகக் கட்ட வேண்டும், அவ்வளவுதான் திட்டம். ஃபவுலு என்ற சிறுகடன் நிறுவனம் கூட்டுச் சேர்ந்தது.

களத்தில் அதை நடத்திய சூசி லோனியும் அவருடைய குழுவும் எதிர்பாராத ஒன்றைக் கண்டார்கள். கடன்காரர்கள் தவணை கட்டுவதோடு நிற்கவில்லை. ஒருவர் தவணையை இன்னொருவர் கட்டினார். கடைக்குக் கடை பணம் அனுப்பிக்கொண்டார்கள். வழியில் பறிகொடுத்துவிடுவோமோ என்று அஞ்சியவர்கள் ஊருக்குக் கிளம்பும் முன் பணத்தை ஏற்றிவிட்டு, ஊர் போய்ச் சேர்ந்ததும் எடுத்துக்கொண்டார்கள். தவணை வசூல் ஓரமாக ஒதுங்கியது. 2007 மார்ச்சில் கென்யத் தொலைபேசி நிறுவனமான சஃபாரிகாம் நாடு முழுவதும் எம்-பெசாவைத் தொடங்கியபோது, விளம்பரத்தில் இருந்தது ஒரே ஒரு செய்தி: வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள்.

ஏன் அது அப்படிப் பற்றிக்கொண்டது? கென்யாவில் கணவன் நைரோபியில் இருப்பான், மனைவி மக்கள் மேற்கே கிராமத்தில் இருப்பார்கள். பணத்தை உறையில் போட்டுப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்த நாடு அது. வளைகுடாவில் வேலை பார்க்கும் ஆளிடமும், சிவகாசிக்குக் குடிபோன அக்காவிடமும் பணம் எதிர்பார்த்துக் காத்திருந்த வீடுகளில் வளர்ந்த நமக்கு அதை விளக்கத் தேவையில்லை.

2. பச்சைக் கடையும் கைநோட்டும்

ஓர் ஆய்வுக்காகச் சில வாரம் நைரோபியில் தங்கியிருந்தேன். பாடப்புத்தகத்தில் எங்கும் வராத, ஆனால் எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் ஒன்றை அங்கேதான் பார்த்தேன். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

சந்தைக்குப் போகும் மண்சாலையில் ஒரு தகரக் கடை. அகலம் ஆறடி இருக்கும். பச்சை வண்ணம் பூசியது. கம்பி வலைக்குப் பின்னால் எம்-பெசா முகவரான ஒரு பெண். அவர் முன்னால் சாதாரணப் பொத்தான் கைப்பேசி ஒன்று, இழுப்பறை ஒன்று, கோடு போட்ட நீள நோட்டு ஒன்று. கணினி இல்லை. பணம் போட வருபவர் அடையாள அட்டையைக் காட்டுகிறார். அந்தப் பெண் நோட்டில் தேதி, பெயர், அட்டை எண், கைப்பேசி எண், தொகை எல்லாம் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்குகிறார். கைப்பேசியில் அனுப்புகிறார். இருவர் கைப்பேசியிலும் குறுஞ்செய்தி வந்து விழுகிறது. வந்தவர் அதை வாசித்துப் பார்த்த பிறகுதான் அங்கிருந்து நகர்கிறார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

இந்த இரண்டு நிமிடத்துக்காக அந்தப் பெண் படும் பாட்டைப் பாருங்கள். முகவரிடம் இரண்டு விதமான கையிருப்பு இருந்தாக வேண்டும். ஒன்று இழுப்பறையில் ரொக்கம். இன்னொன்று கைப்பேசியில் இருக்கும் மின்பணம். அங்கே எல்லோரும் அதை ‘ஃப்ளோட்’ என்கிறார்கள். ஒருவர் பணம் போட்டால் ரொக்கம் ஏறும், ஃப்ளோட் இறங்கும். எடுத்தால் அதற்கு நேர்மாறு. நகரத்தில் போடுபவர்களே அதிகம். மதியத்துக்குள் ஃப்ளோட் தீர்ந்துவிடும். கிராமத்தில் எடுப்பவர்களே அதிகம்; அங்கே இழுப்பறை காலியாகிவிடும். தீர்ந்ததும் கடையைப் பூட்டிவிட்டு, இடுப்பில் பணத்தைக் கட்டிக்கொண்டு, வங்கிக்கோ பெரிய முகவரிடமோ ஓட வேண்டும். வரிசையில் நிற்கும் நேரத்தில் கடைக்கு வந்தவர் திரும்பிப் போவார். “ஹக்குனா ஃப்ளோட்” என்பார்கள். ஃப்ளோட் இல்லை என்று பொருள். இரண்டு தடவை அதைக் கேட்டவர் மூன்றாம் தடவை அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

நாடெங்கும் பல்லாயிரம் தகரக் கடைகளில் ரொக்கமும் மின்பணமும் அன்றாடம் சமன்படுகின்றன. அது சமன்படுகிற வரைதான் கைப்பேசியில் தெரியும் எண்ணைப் பணம் என்று ஒரு கூலித் தொழிலாளி நம்புவார். கொடுத்த எண்ணுக்கு ஈடாக, கேட்டபோது, நோட்டாக எண்ணித் தர ஆள் இருக்கிறார் என்பதே அந்த நம்பிக்கைக்கு அடிப்படை.

இந்த முகவர்களை சஃபாரிகாம் புதிதாகப் படைக்கவில்லை. ரீசார்ஜ் அட்டை விற்ற கடைகள் ஏற்கெனவே ஊர் ஊராக இருந்தன. கடைக்காரரை ஊர் அறியும், அவருக்கு ஊரைத் தெரியும். பணம் போடுவதற்கு வாடிக்கையாளரிடம் கட்டணம் இல்லை. ஆனாலும் அதற்கும் முகவருக்குக் கமிஷன் உண்டு. வாடிக்கையாளருக்கு இலவசம், ஆனால் கடைக்காரருக்குக் கூலி. சிறிய ஏற்பாடுதான். திட்டம் நிலைத்ததற்கு இது பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் கென்யாவில் கலவரம் வெடித்தது. சேரிகளுக்குள் அடைபட்டு வெளியே வர முடியாமல் தவித்தவர்களுக்கு உறவினர்கள் பணமும் ரீசார்ஜும் அனுப்பினார்கள். தொடங்கி ஒரு வருடம்கூட நிறையாத ஒரு சேவையை மக்கள் தம்முடையதாக ஏற்றுக்கொண்டது அந்த நாட்களில்.

3. ஆய்வாளர்கள் அளந்தது எதை?

தவ்நீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் கென்யக் குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அவர்களுடைய இரண்டு முடிவுகளைச் சொல்கிறேன்.

2014-இல் வந்த ஆய்வு இது: நோய், பயிரழிவு, வேலை இழப்பு என்று ஓர் அடி விழுந்தபோது, எம்-பெசா பயன்படுத்தாத குடும்பங்களில் ஆள்வீத நுகர்வு 7 விழுக்காடு குறைந்தது. பயன்படுத்திய குடும்பங்களில் குறையவில்லை. அண்ணனிடமிருந்தும் சித்தப்பாவிடமிருந்தும் பணம் உடனே வந்து சேர்ந்ததுதான் காரணம். அரிசிப் பானை காலியாகும் முன் வந்தது என்று நம் வழக்கில் சொல்லலாம்.

2016-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு இன்னும் பெரியது. எம்-பெசாவால் 1,94,000 குடும்பங்கள் கடும் வறுமையிலிருந்து மீண்டன என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். இது கென்யக் குடும்பங்களில் 2 விழுக்காடு. 1,85,000 பெண்கள் விவசாய வேலையிலிருந்து சிறு வியாபாரத்துக்கு மாறினார்கள். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில்தான் பயன் கூடுதல்.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தாக்கத்தைக் கணிக்க அவர்கள் எதை அளவுகோலாக எடுத்தார்கள்? யாரிடம் எந்தக் கைப்பேசி இருந்தது என்பதை அல்ல. ஒரு வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் எத்தனை முகவர்கள் புதிதாக வந்தார்கள் என்பதைத்தான். முகவர் நெருங்கி வந்த வீடுகளில் வறுமை குறைந்தது. என் கருத்துக்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

4. அதே பெயர், அதே மென்பொருள், தோல்வி

மேதைமை மென்பொருளில்தான் இருந்தது என்றால் அது போன இடமெல்லாம் வென்றிருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 2010-இல் வோடாகாம் நிறுவனம் எம்-பெசாவைக் கொண்டுவந்தது. ஒரு கோடி வாடிக்கையாளர் என்று இலக்கு வைத்தார்கள். 2014-இல் புதுக்கியும் பார்த்தார்கள். 2016-இல் மூடியபோது, உண்மையாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்கள் ஒரு லட்சம்கூட இல்லை.

இந்தியாவிலும் வந்தது. 2013-இல் ஒரு தனியார் வங்கியோடு சேர்ந்து தொடங்கி, 2019-இல் நின்றுபோனது. இந்த அவையில் பாதிப் பேருக்கு அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே வங்கிக் கணக்கும் ஏ.டி.எம். அட்டையும் இருந்தன. இந்தியாவிலோ வங்கிகள்தான் முன்னே நிற்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கொள்கை. இரண்டு நாட்டிலும் முகவருக்கு நாளொன்றுக்கு வந்த ஆட்கள் குறைவு. ஆட்கள் குறைந்தால் கமிஷன் குறையும். கமிஷன் குறைந்தால் அவர் ரொக்கத்தை இழுப்பறையில் முடக்கிவைக்க மாட்டார், அதே பணத்துக்குச் சோப்பும் பிஸ்கட்டும் வாங்கி விற்பார். அப்படி அவர் செய்ததில் தவறே இல்லை.

5. அரசு கதவைத் திறந்தும் வைத்தது, பூட்டும் போட்டது

கென்யாவில் 2007-இல் கைப்பேசிப் பணத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. நாட்டின் மத்திய வங்கி, ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் கொடுத்து அனுமதித்தது. ஆனால் நிபந்தனை கடுமையானது: மக்கள் போடும் ஒவ்வொரு ஷில்லிங்குக்கும் ஈடாக ஒரு வணிக வங்கியின் அறக்கட்டளைக் கணக்கில் முழுத் தொகையும் இருக்க வேண்டும், அதிலிருந்து தொலைபேசி நிறுவனம் கடன் கொடுக்கக் கூடாது. 2008 இறுதியில் வங்கிகளின் எதிர்ப்பு முற்றி, அன்றைய நிதியமைச்சர் தணிக்கைக்கு உத்தரவிட்டார். தணிக்கையைத் தாண்டி எம்-பெசா நிலைத்தது. 2011-இல் பணப் பட்டுவாடா முறைகளுக்கான சட்டம் வந்தது. பரிசோதனையை அனுமதிப்பது, ஆனால் மக்கள் பணத்தைத் தொட விடாமல் காப்பது: ஒழுங்குமுறை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் மதிக்கிறேன்.

பிறகு அரசுகளின் கண் இந்தச் சிறு தொகைகள் மீது விழுந்தது. கென்யாவில் பணம் அனுப்பும் கட்டணத்தின் மீதான வரி 2013-இல் 10 விழுக்காடு, 2018-இல் 12, 2023-இல் 15. உகாண்டா 2018 ஜூலையில் பரிமாறும் தொகைக்கே 1 விழுக்காடு வரி போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் சில மாதங்களில் அதைப் பணம் எடுப்பதற்கு மட்டும் என்று சுருக்கி, பாதியாகக் குறைத்தது. கானா 2022-இல் 1.5 விழுக்காடு போட்டு, 2025-இல் முழுவதுமாகக் கைவிட்டது. மகன் தாய்க்கு அனுப்பும் பணத்தில் வரி பிடிப்பது அநியாயம். அதை இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

6. ஆள் இல்லாத கடன்

பணம் அனுப்பிய அதே கைப்பேசிக்குள் 2012 நவம்பரில் கடன் வந்தது. எம்-ஷ்வாரி என்று பெயர். கிளை இல்லை, படிவம் இல்லை, ஜாமீன் இல்லை. 100 ஷில்லிங் கூடக் கடனாகக் கிடைத்தது. நீங்கள் ரீசார்ஜ் செய்த பழக்கத்தையும் பணம் போட்டு எடுத்த வரலாற்றையும் கொண்டு, கணிப்பான் ஒன்று நொடியில் முடிவு சொல்லிவிடும். முப்பது நாளுக்கு 7.5 விழுக்காடு கட்டணம். மாதத்துக்கு 7.5 என்றால் வருடத்துக்குத் தனிவட்டிக் கணக்கிலேயே 90 விழுக்காடு. கந்துவட்டி என்று நாம் கோபப்படும் மாதம் ஐந்து வட்டியைவிட இது அதிகம்.

அதன் பின் செயலி வழிக் கடன் நிறுவனங்கள் பெருகின. கடனைக் கேட்கவும் மனிதர் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம், வசூலிக்கவும் வேண்டாம் என்று ஆயிற்று. நள்ளிரவில் தூக்கம் வராத ஒருவர் இரண்டு பொத்தானை அழுத்திக் கடன்காரர் ஆகலாம். “இந்த மாசம் வேண்டாம்ப்பா, போன கடனே பாக்கி இருக்கே” என்று சொல்ல எதிரே யாரும் இல்லை. சில நூறு ஷில்லிங் பாக்கிக்காக லட்சக்கணக்கானோர் கடன் தகவல் அமைப்புகளின் கறுப்புப் பட்டியலில் ஏறினார்கள். சில நிறுவனங்கள் கடன்காரரின் கைப்பேசியிலிருந்து உறவினர் எண்களை எடுத்து, அவர்களை அழைத்து மானத்தை வாங்கின. 2020-இல் கென்ய மத்திய வங்கி, 1,000 ஷில்லிங்குக்குக் குறைந்த பாக்கிக்காக யாரையும் பட்டியலில் ஏற்றக் கூடாது என்றது. 2022 மார்ச்சில் செயலிக் கடன் நிறுவனங்கள் உரிமம் பெற்றே தீர வேண்டும் என்று விதி வந்தது. சேவை தொடங்கி ஒன்பது வருடத்துக்கு மேல் கழிந்து வந்த விதி.

நம் நாட்டில் கதை வேறா? கொரோனா காலத்தில் ஐயாயிரம், பத்தாயிரம் என்று கொடுத்துவிட்டு, படங்களைச் சிதைத்து உறவினருக்கு அனுப்பி மிரட்டிய செயலிகளை நாம் மறக்கவில்லை. தமிழ்நாட்டிலும் உயிர்கள் போயின. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி நெறிமுறை வகுத்தது: கடன் தொகை நேரே கடனாளியின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும், செயலி அவருடைய தொடர்பு எண்களைத் தொடக் கூடாது.

ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடமே ஒரு மரபு உண்டு. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கின. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்திய திட்டம் அது. 1992-இல் நபார்டு, குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அந்தக் குழுவில் ஓர் ஊக்குநர் இருப்பார், இரண்டு பிரதிநிதிகள் இருப்பார்கள், வாரம் ஒரு நாள் வட்டமாக உட்காருவார்கள். யாருக்கு எதற்குக் கடன் என்பதை அந்த வட்டம் முடிவு செய்யும். ஒருத்தி வாங்கும் கடன் பன்னிரண்டு பேருக்குத் தெரியும். அது சில சமயம் சங்கடம்தான். குழுக்களிலும் வசூல் நெருக்கடிகளும் அவமானங்களும் நடந்திருக்கின்றன. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனாலும் அங்கே கடன் கொடுப்பவர் கடன் வாங்குபவரின் வீட்டு அடுப்பைப் பார்த்தவர். கணிப்பான் பார்த்தது ரீசார்ஜ் பட்டியலை.

7. நம் ஊர்ச் சேவை மையம்

இப்போது இங்கே வருகிறேன். 2014 ஆகஸ்டு 28-இல் ஜன்தன் திட்டம் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் கணக்குகள் 50 கோடியைத் தாண்டின. பாதிக்கு மேல் பெண்களுடையவை. உலக வங்கியின் ஃபைண்டெக்ஸ் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயதுவந்தோரில் கணக்கு வைத்திருந்தவர்கள் 2011-இல் 35 விழுக்காடு, 2021-இல் 78. மனிதகுல வரலாற்றில் இவ்வளவு பேருக்கு இவ்வளவு விரைவாக வங்கிக் கணக்கு கிடைத்ததில்லை என்றே சொல்லலாம். அதை நான் குறைத்துப் பேச வரவில்லை.

ஆனால் அதே 2021 கணக்கெடுப்பு இன்னொன்றையும் சொன்னது. இந்தியாவில் கணக்கு வைத்திருந்தவர்களில் 35 விழுக்காட்டினர் ஒரு வருடத்தில் ஒரு தடவைகூட அதைப் பயன்படுத்தவில்லை. கணக்கு வந்தது, பக்கத்தில் ஆள் வரவில்லை. யு.பி.ஐ. பெரும் சாதனை. 2024 டிசம்பரில் மட்டும் 1,600 கோடிக்கு மேல் பரிமாற்றங்கள் நடந்தன. இளநீர்க் கடையிலும் அதன் க்யூ.ஆர். அட்டை தொங்குகிறது. ஆனால் அது ஸ்மார்ட்ஃபோனும் அட்டையும் எழுத்தறிவும் உள்ளவர்களுக்கு முதலில் வந்தது. சாதாரணக் கைப்பேசிக்கான 123பே வசதி 2022-இல்தான் வந்தது. என் கிராமத்தில் அதைப் பயன்படுத்தும் ஒருவரை இதுவரை நான் சந்திக்கவில்லை.

அங்கே இருப்பது வாடிக்கையாளர் சேவை மையம். மினி பேங்க் என்கிறார்கள், கைரேகைக் கடை என்கிறார்கள். வங்கிக்கும் மக்களுக்கும் நடுவே இப்படி முகவரை அமர்த்தலாம் என்று 2006 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி அனுமதித்துவிட்டது. போன மாதம் ஒரு காலை நேரம் முழுவதும் அப்படியொரு மையத்தில் உட்கார்ந்திருந்தேன். முப்பது வயதுப் பெண் நடத்துகிறார். எழுபது தாண்டிய ஒரு பாட்டி முதியோர் உதவித்தொகை எடுக்க வந்தார். விரலை வைத்தார், பொருந்தவில்லை. ஆயுளெல்லாம் களை எடுத்த கை, ரேகை தேய்ந்திருக்கிறது. “ஆச்சி, விரலைத் தலையில தேய்ச்சிட்டு வைங்க” என்றார் அந்தப் பெண். எண்ணெய் பட்டால் சில சமயம் பிடிக்கும். பிடிக்கவில்லை. ஈரத் துணியால் துடைத்துவிட்டு அடுத்த விரல், அதற்கடுத்த விரல், பிறகு இடது கை. ஆறாவது முயற்சியில் பச்சை விளக்கு எரிந்தது. பாட்டி அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டார். மீதி இருப்பை அந்தப் பெண் ஒரு துண்டுத்தாளில் பேனாவால் எழுதிக் கொடுத்தார். ரசீது அச்சடிக்கவில்லையா என்று கேட்டேன். “ரோல் நாங்கதான் சார் வாங்கணும். கமிஷன்ல அது கட்டுப்படி ஆகாது” என்றார்.

அன்றே இன்னொருவர் வந்தார். போன வாரம் இன்னொரு ஊரில் எடுத்தபோது கணக்கில் 2,000 ரூபாய் கழிந்தது, கைக்குப் பணம் வரவில்லை. கிளைக்குப் போனால் மையத்தில் கேளுங்கள் என்றார்களாம், மையத்தில் கேட்டால் கிளைக்குப் போகச் சொன்னார்களாம். நூறு நாள் வேலைக் கூலி அது. இரண்டு முறை அலைந்ததில் பேருந்துக் கட்டணம், ஒரு நாள் கூலி இரண்டும் போயிற்று.

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை ஒரு கோடிக்கும் அதிகமான பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று வரத் தொடங்கியது. முதல் மாதமே சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு, சேவைக் கட்டணம் என்று பழைய பாக்கிகளைக் காட்டி அந்தப் பணத்தில் கைவைத்தன. மாநில அரசு கண்டித்துத் தலையிட வேண்டியிருந்தது. அன்பு நண்பர்களே, முதல் தடவை வங்கிக்குள் காலெடுத்து வைத்த ஒரு பெண்ணுக்கு நாம் கற்றுக்கொடுத்த பாடம் அது. அவர் அடுத்த மாதம் பணம் விழுந்த அன்றே முழுவதையும் எடுத்துவிட்டார் என்றால், சேமிப்புப் பழக்கம் இல்லாதவர் என்று அவரைச் சொல்லலாமா?

என்ன செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். கென்யா காட்டிய வழி எளியது. முகவருக்குக் கூலி கட்டுப்படியாக வேண்டும். பரிமாற்றத்துக்குச் சில ரூபாய் கமிஷன் மட்டும் போதாது; தூரத்துக் கிராமங்களில் மையம் நடத்துபவருக்கு மாதம் ஒரு நிலையான ஊதியத்தை வங்கிகள் தர வேண்டும். ரொக்கத்தை அவரே சுமந்து வரும் ஆபத்தையும் வங்கியே ஏற்க வேண்டும். ரசீது ரோலை வங்கி கொடுக்கட்டும். அதற்கு ஆகும் செலவு எந்த வங்கியையும் சாய்த்துவிடாது. அரசு தரும் உதவித்தொகையிலிருந்து எந்தக் கட்டணமும் பிடிக்கக் கூடாது என்பதைச் சுற்றறிக்கையில் விடாமல், மென்பொருளிலேயே தடுப்பாக வைக்கலாம். அதைச் செய்யத் தெரிந்த பொறியாளர்கள் இந்த ஊரிலேயே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

உலகில் வயதுவந்தோரில் இன்னும் சுமார் 130 கோடிப் பேருக்குக் கணக்கு இல்லை என்கிறது 2025-இல் வெளியான ஃபைண்டெக்ஸ் அறிக்கை. அவர்களில் ஏறத்தாழ 90 கோடிப் பேரிடம் கைப்பேசி இருக்கிறது. கைப்பேசி போய்ச் சேர்ந்த இடத்துக்கு வங்கி போய்ச் சேரவில்லை.

இந்த அவையில் இருக்கும் வங்கி அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கை உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. ஏ.டி.எம்.மிலோ சேவை மையத்தில் இருக்கும் மைக்ரோ ஏ.டி.எம்.மிலோ கணக்கில் கழிந்து கைக்கு வராத பணத்தை ஐந்து நாளுக்குள் வங்கி திருப்பி வைக்க வேண்டும். தாமதமானால், வாடிக்கையாளர் கேட்காமலேயே, நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். இந்த உரிமை அந்த 2,000 ரூபாய்க்காரருக்குத் தெரியாது, மையம் நடத்தும் பெண்ணுக்கும் தெரியாது. உங்கள் கிளைக்குக் கீழ் உள்ள ஒவ்வொரு மையத்தின் சுவரிலும் இந்த விதியைப் பெரிய தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். கீழே, தொலைபேசியை எடுத்துப் பதில் சொல்லும் ஒரு மனிதரின் பெயரையும் எண்ணையும் எழுதிவையுங்கள்.